லெப்ட் ரைட் ஒற்றுமை

என்ன மோனை, நீயும் தொடங்கீட்டியே? பதினெட்டு வயசு வந்த பெடி பெட்டையளை எல்லாம் பிடிச்சு ரெண்டு வருசம் கட்டாய சேவையிலை போடோணுமாம். சிங்களவர், தமிழர், முஸ்லிம், மலையகத்தார் எல்லாரும் ஒரு காம்பிலை படுத்து, ஒரு வரிசையிலை நிண்டு லெப்ட் ரைட் அடிச்சா நாடு ஒண்டாகீடுமாம். ஆர் சொன்னது? சிங்கப்பூர்ப் பரேட்டை ரிக்ரொக்கிலை பாத்தியோ? வடிவாத்தான் இருந்திருக்கும். சப்பாத்து மினுங்கும். ஆயிரம் கால் ஒரே நேரத்திலை எழும்பும். உன்ரை ரெண்டு கால் விடிய எட்டு மணிக்கும் கட்டிலாலை இறங்காது எண்டு கொம்மா சொல்லுறா. அதை விடு.

இரு, திண்ணையிலை இரு. போனைக் கவிட்டு வை.

உன்னை மட்டும் குறை சொல்லேலாது. சந்தித் தேத்தண்ணிக் கடையிலை நரைச்ச தலையளும் உதைத்தான் சொல்லுகினம். எங்கையேன் வாள்வெட்டு எண்டு பேப்பரிலை வந்தாப் போதும். "ஆமி ட்ரெயினிங் குடுத்தாத்தான் உவங்கள் திருந்துவாங்கள்." சரி அண்ணை, உங்கடை மகனையும் விடுவியளோ எண்டு கேட்டுப்பார். "அவனுக்குக் கனடா விசா வரப்போகுது" எண்டுவினம். கட்டாயம் எண்டது எப்பவும் அடுத்த வேலிக்கு அங்காலை இருக்கிற பிள்ளைக்குத்தான்.

இது ஏதோ புதுச் சாமான் எண்டு நினைக்காதை. பறங்கியும் ஒல்லாந்தனும் இஞ்சை ஆண்ட காலத்திலை அதுக்குப் பேர் ஊழியம். யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கல்லுச் சுமந்தது ஆர் எண்டு நினைக்கிறாய்? ஒல்லாந்தனோ? கண்டிப் பக்கம் அதுக்கு இராசகாரியம் எண்டு பேர். இங்கிலீசுக்காரன் 1832இலை அதை நிப்பாட்டினான். கல்லுச் சுமந்த சனத்துக்கு ஒற்றுமை வந்ததுதான். ஒல்லாந்தனைத் திட்டுறதிலை எல்லாரும் ஒரு வாய்.

கிட்டின காலத்துக்கு வா. வன்னியிலை இயக்கக்காரர் வீட்டுக்கு ஒரு ஆள் எண்டு கேட்டவை. உனக்கு அப்ப பால்பல்லு. அதுக்குத் தப்பப் பெட்டைக்குப் பதினாறு வயசிலை அவசரத் தாலி. பெடியனுக்குப் பகலெல்லாம் பதுங்கு குழி, ராவிலை சாப்பாடு. அது விடுதலையின்ரை பேரிலை வந்தது. உன்ரை ரிக்ரொக் சேவை ஒற்றுமையின்ரை பேரிலை வரும். படலையிலை வந்து நிக்கிறவன்ரை கையிலை துவக்கு இருக்கெண்டதுதான் தாய்க்குத் தெரியும். இதிலை நான் பகிடி விடமாட்டன்.

அரசாங்கமும் ஒருக்காச் செய்து பாத்தது, தெரியுமே? 2011 மே மாசம். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட பிள்ளையள், இருபதினாயிரத்துக்கு மேலை. எஸ்.பி. திசாநாயக்க உயர்கல்வி அமைச்சர். பிள்ளையளை மூண்டு கிழமை ஆமிக் காம்புகளிலை வைச்சுத் தலைமைத்துவப் பயிற்சி. கோட்டிலை வழக்கும் போட்டவை, நிண்டு பிடிக்கேல்லை. தலைமைத்துவம் எண்டா என்ன மோனை? ஒருத்தரும் சொல்லாமலே முன்னுக்கு வாறதுதானே? அதைப் படிக்கச் சொன்ன இடத்தைப் பார். அங்கை சொன்ன பிறகுதான் காலைத் தூக்கலாம். வரலாறு, பாரம்பரியம் எண்டு ஒரு பாடமும் வைச்சவை. அதைப் பாத்திட்டுக் கொழும்பிலை இருக்கிற படிச்ச பெரியாக்களே, "இதுக்குள்ளை சிங்களப் பண்பாடு மட்டுந்தானே கிடக்கு, மற்றவை எங்கை?" எண்டு கேட்டவை. எல்லாரையும் சேர்க்க வைச்ச பாடத்திலை மிச்சச் சனத்தைக் காணேல்லை.

அதோடை விட்டினமே? பிறகு பள்ளிக்கூட அதிபர்மாரையும் ரந்தம்பைக் காம்புக்குக் கூப்பிட்டுப் பயிற்சி குடுத்தவை. கேணல் எண்டு தோளிலை பட்டியும் குத்தி விட்டவை. கூரை ஒழுகுது எண்டு அதிபர் கடிதம் எழுதினா மறுமொழி வராது. இனிக் கேணல் எழுதினா வருமோ எண்டு ஒரு அதிபரும் எழுதிப் பாக்கேல்லைப் போலை.

2021 தை மாசம் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் சரத் வீரசேகர, முந்திக் கடற்படையிலை இருந்தவர், பதினெட்டு வயசுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் இராணுவப் பயிற்சி வேணும் எண்டு சொன்னார். ஒழுக்கமான சமுதாயம் வருமாம். அடுத்த வருசமே வந்தது, பாத்தியே? 2022இலை பெற்றோலுக்கும் காஸுக்கும் சனம் எவ்வளவு ஒழுக்கமா லைனிலை நிண்டது! சிங்களவர், தமிழர், முஸ்லிம் எண்ட வித்தியாசம் இல்லை. ராராவா நிண்டினம். லைனுக்குள்ளை ஒருத்தன் பூந்தா மூண்டு பாஷையிலையும் ஏச்சு. அதைவிடத் தேசிய சேவை வேணுமே உனக்கு? அந்த வருசம்தான் காலிமுகத்திடலிலை போராட்டக் கூடாரம் அடிச்ச பெடியள் தேசிய கீதத்தைத் தமிழிலையும் பாடினவை. 2020 சுதந்திர தினத்திலை அரசாங்கம் வேண்டாம் எண்டு விட்ட அதே பாட்டுத்தான். பாடச் சொல்லி ஆரும் சுற்றுநிருபம் அனுப்பேல்லை. கறண்டும் இல்லை, காஸும் இல்லை, ஆனாப் பாட்டு மட்டும் ரெண்டு பாஷையிலை வந்தது.

நீ கணக்குப் படிச்சனி. ஒரு கணக்குச் செய். முதலாம் வகுப்பிலை இருந்து பதின்மூண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பள்ளிக்கூடம். சிங்களப் பிள்ளை சிங்களப் பள்ளிக்கூடம். முஸ்லிம் பிள்ளைக்கு அனேகமா இன்னொண்டு. பதின்மூண்டு வருசம் ஒருத்தன்ரை மூஞ்சியை ஒருத்தன் பாராமல் வளர்த்துப்போட்டு, மூண்டு கிழமை ஒண்டாப் படுக்க விட்டா ஒட்டுமே? சட்டியிலை இருந்தாத்தானே மோனை அகப்பையிலை வரும்?

சிங்கப்பூர் செய்து காட்டேல்லையோ எண்டு கேப்பாய். கேள், அதையும் சொல்லுறன். உனக்கு முதல் எனக்குச் சிங்கப்பூர் தெரியும். மலாயாவுக்குப் போய்க் கிளாக்கும் ஸ்ரேசன் மாஸ்ரருமா இருந்து, பென்சனோடை திரும்பி வந்து கல்வீடு கட்டின சனம் இருந்த ஊருகள் உது. சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடங்களிலை காலமை பிள்ளையள் நெஞ்சிலை கைவைச்சு, இனம் மொழி மதம் பாராமல் ஒண்டா இருப்பம் எண்டு உறுதி எடுக்கினமே, அந்த உறுதிமொழியை 1966இலை வரைஞ்சு குடுத்தது ஆர்? ராஜரட்ணம். பிறந்த இடம்? எங்கடை வட்டுக்கோட்டை, 1915. நல்லகாலம், கைக்குழந்தையிலையே கொண்டு போட்டினம். இஞ்சை இருந்திருந்தா அந்தக் காகிதத்தை எங்கை நீட்டியிருப்பார், சொல்லு பாப்பம்.

அங்கை 1967இலை கட்டாய சேவைச் சட்டம் வந்தது. பதினெட்டு வயசுப் பெடியள் இப்பவும் ரெண்டு வருசம் போகினம். பெட்டையளுக்குக் கட்டாயம் இல்லை. எல்லாம் முதல் நாளே வடிவா நடந்தது எண்டு நினைக்காதை. தொடங்கின காலத்திலை மலாய்ப் பெடியள் கனபேரைக் கூப்பிடவேயில்லை, அவையை நம்பேல்லை. அந்த மனக்குறை கனகாலம் கிடந்தது. இங்கிலீசு தெரியாத சீனப் பெடியள் வந்து நிண்டாப்போலை ஹொக்கியன் எண்ட சீனப் பேச்சிலை தனிப் படைப்பிரிவே வைக்க வேண்டி வந்தது.

ஆனா ஒரு சங்கதி இருக்கு. பரேட்டை இன்னொருக்காப் போட்டுப் பார். சத்தத்தைக் கூட்டு. அந்தக் கட்டளை என்ன பாஷையிலை வருது? சீனமே? இங்கிலீசே? மலாய். நாலிலை மூண்டு பேர் சீனர். நிமிந்து நில், திரும்பு, நட எண்டு சொல்லுறது மலாயிலை. சின்னவன்ரை பாஷையைக் கேட்டுப் பெரியவன் காலைத் தூக்குறான். அவன் தூக்குறது காலை மட்டுமெண்டு நினைக்கிறியே?

இப்ப உன்ரை காம்பை யோசிச்சுப் பார். விடியக் காலமை ஐஞ்சு மணி. மாத்தறைப் பெடியன், காலிப் பெடியன், நீ, மன்னார்ப் பெடியன், எல்லாரும் வரிசையிலை. சார்ஜன்ட் வாறார். எந்தப் பாஷையிலை கத்துவார்? நீ பக்கத்திலை நிக்கிறவன்ரை காலைப் பாத்துத்தான் உன்ரை காலைத் தூக்கோணும். அவன் பிழையாத் தூக்கினா நீயும் பிழை. தண்டனை ரெண்டு பேருக்கும். உனக்கு ஏன் தண்டனை எண்டும் விளங்காது. இப்பிடி ரெண்டு வருசம் நிண்டா உனக்கு வரப்போறது நாட்டுப்பற்றோ, கழுத்து நோவோ?

இன்னொண்டும் கிடக்கு. அந்தக் காம்பு எங்கை இருக்கும்? வலிகாமம் வடக்கிலையும் போடலாம். 1990இலை விட்டிட்டு ஓடி வந்த வளவுகளிலை கொஞ்சம் இன்னும் உயர் பாதுகாப்பு எண்டு கம்பிக்குள்ளைதானே? அப்பிடியெண்டா ஒரு நன்மை. பேரன் ட்ரில் அடிக்கிற சாட்டிலை பாட்டன்ரை கிணத்தை ஒருக்காப் பாத்திட்டு வரலாம்.

சிங்கப்பூரிலை இன்னொரு கட்டாயமும் இருக்கு. அதை ஆரும் ரிக்ரொக்கிலை போடமாட்டினம், ஏனெண்டா அதிலை சப்பாத்து மினுங்காது. 1989இலை இருந்து அரசாங்க மாடிவீடுகளிலை ஒவ்வொரு கட்டடத்துக்கும் இன்ன இனம் இவ்வளவு வீதத்துக்கு மேலை இருக்கேலாது எண்டு கணக்கு. ஒருத்தன் மீன் பொரிக்க மற்றவனுக்கு மணக்கும். ரெண்டு வருசம் முடிஞ்ச கையோடை அந்தச் சேவை முடியாது.

மலேசியாவும் கட்டாய சேவையைச் செய்து பாத்தது. 2004இலை தொடங்கினது. கொம்பியூட்டர் குலுக்கிப் பேர் எடுக்கும். விழுந்த பிள்ளைக்கு மூண்டு மாசம் காம்பு, ஆண் பெண் ரெண்டுக்கும். 2018இலை அரசாங்கம் மாற மூடினவை. 2025இலை 45 நாள் எண்டு திரும்பவும் திறந்தவை. வேறை யோசனை வராத நேரத்திலை எல்லா நாட்டு அரசியல்வாதிக்கும் இந்த யோசனை வரும் போலை.

காம்பு வேண்டாம் எண்டா உடனை ஒரு கூட்டம் செயலமர்வு எண்டு வரும். அதையும் பாத்திட்டன். ஹோட்டல் மண்டபம், குளிர்மெசின், கழுத்திலை பட்டி, நெஞ்சிலை புறா போட்ட ரீசேட். வளவாளர் கொழும்பாலை வருவார். "உங்கள் மனதிலுள்ள தடைகளை இந்த அட்டையில் எழுதுங்கள்" எண்டுவார். எங்கடை பெடியள் எழுதிறது: "மத்தியானச் சாப்பாடு எத்தினை மணிக்கு?" பிறகு எல்லாரும் கையைக் கோத்து ஒரு குறூப் போட்டோ. பஸ் ஏறேக்கை சிங்களப் பிள்ளையள் முன் பஸ், தமிழ்ப் பிள்ளையள் பின் பஸ். நல்லிணக்கம் போட்டோவுக்குள்ளை பத்திரமா இருக்கும்.

சிங்களவரை மட்டும் சொல்லிப்போட்டு நழுவப் பாக்கிறாய், தெரியுது. பொறு. எங்கடை முதுகையும் ஒருக்காச் சொறிவம். 1968இலை மாவிட்டபுரத்திலை கோயிலுக்குள்ளை விடச் சொல்லிக் கேட்ட சனத்தை மறிச்சது சிங்களவனே? 2018இலை வரணிப் பக்கம் ஒரு கோயிலிலை தேரை ஜேசிபி மெசின் இழுத்த படம் உலகம் எல்லாம் போனது. வடம் பிடிக்க ஆள் இல்லாமலோ? ஆள் இருந்தது. ஆனா ஆர் பிடிக்கிறது எண்டதிலை சாதிப் பிடுங்குப்பாடாம், பேப்பருகள் எழுதினவை. ஜேசிபிக்குச் சாதி இல்லைப் பார், அதாலை அம்மாளுக்கும் தீட்டு இல்லை. மெசின்காரனைத் தேசிய ஒற்றுமைத் தூதுவர் ஆக்கியிருக்கலாம். ஊருக்குள்ளையே ஒரு வடத்தை ஒண்டாப் பிடிக்கேலாத நாங்கள், ஒரே வரிசையிலை நிக்க ஆமிக் காம்பு தேடுறம்.

1990 ஒக்டோபர் 30ஐயும் வாசிச்சுப் பார். சோனகதெரு முஸ்லிம் சனத்துக்கு ஊரை விட்டு வெளிக்கிட இயக்கம் குடுத்தது ரெண்டு மணித்தியாலம். தலைமுறை தலைமுறையா எங்களுக்குத் தையல், இரும்பு, இறைச்சி எண்டு எல்லாம் தந்த சனம், உடுத்த உடுப்போடை போனது. பல்லினம் எண்டு மேடையிலை முழங்குறவை அந்த ரெண்டு மணித்தியாலத்தைப் பற்றி மூச்சுக் காட்டாயினம்.

அப்ப ஒற்றுமை எண்ட ஒண்டு இல்லவே இல்லையோ எண்டு முகத்தைத் தொங்கப்போடாதை. இருந்தது, இப்பவும் இருக்கு. மெடல் குத்தாமல் இருக்கிறதாலை உனக்குத் தெரியேல்லை.

உந்தக் கொழும்புத்துறை றோட்டிலை யோகர் சுவாமியார் இருந்த கொட்டிலைத் தெரியும்தானே? 1964இலை சமாதியானவர். நான் அப்ப காற்சட்டைப் பெடியன். பெரியாள் சின்னாள் பாக்கமாட்டார், ஏச நினைச்சா ஏசித் திரத்திப்போடுவார். சோல்பரிப் பிரபு எண்டு மகாதேசாதிபதி ஒருத்தர் இருந்தவர், நாட்டின்ரை அப்பத்தை யாப்புக்கே அவற்றை பேர்தான். அவற்றை மூத்த மகன் இஞ்சை வந்து சாந்தசுவாமி எண்டு சீடனா இருந்தவர். ஒரு ஜெர்மன்காரரும் வந்தவர், அவரை ஜெர்மன் சுவாமி எண்டுதான் சனம் சொல்லும். தகப்பன்ரை யாப்புக்குள்ளை கிடைக்காத என்னத்தையோ மகன் எங்கடை ஊர்க் கொட்டிலுக்குள்ளை தேடினவர். கட்டாயம் எண்டு ஒரு கடதாசி போகேல்லை. வரக்கூடாது எண்டு ஏச்சு விழுந்த ஆக்களும் திரும்பி வந்தவை.

யாழ்தேவி ரெயினையும் சொல்லோணும். 1956 ஏப்பிரலிலை ஓடத் தொடங்கினது. அதே வருசம்தான் சிங்களம் மட்டும் சட்டமும் வந்தது. ஒரு கையாலை ரெயினை விட்டு மற்றக் கையாலை வாயைப் பொத்தினவை. எண்டாலும் ரெயின் ஓடினது. மாகோவிலை ஏறின மனுசி கிரிபத் பார்சலைப் பிரிப்பா. யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் கறுத்தக்கொழும்பானை வெட்டுவார். ஆருக்கு யன்னல் சீற் எண்டு முதல் சண்டை, அனுராதபுரம் தாண்ட முதலே மனுசியின்ரை பிள்ளைக்குக் கிளாக்கரின்ரை மடி. 1990இலை நிண்டது. யாழ்ப்பாணம் வரைக்கும் திரும்ப ஓட 2014 ஒக்டோபர் ஆச்சு. ஒரு தலைமுறை முழுக்க அந்தப் பெட்டிக்குள்ளை ஏறாமல் வளர்ந்திட்டுது. அதிலை நீயும் ஒருத்தன்.

இறங்குதுறைப் பக்கம் விடியக் காலமை வா, இப்ப நடக்கிறதைக் காட்டுறன். கடலேரி நண்டு வரும். சிங்கப்பூர்ச் சாப்பாட்டுக் கடையளிலை சிலோன் நண்டுக்கு எவ்வளவு மரியாதை தெரியுமே? கட்டாய சேவை செய்யாமலே எங்கடை நாட்டு நண்டு அங்கை பேர் எடுத்திட்டுது. நீர்கொழும்பு லொறிக்காரன் ஒருத்தன் இஞ்சை கனகாலமா வாறான். தராசிலை நண்டைப் போட்டவுடனை அவன் ஈரச் சாக்கின்ரை பாரத்தைக் கழிக்கச் சொல்லுவான். நண்டு விக்கிற எங்கடை ஆள் ஏலாது எண்டுவான். "மல்லி" எண்டு அவன் தொடங்க, "அய்யே" எண்டு இவன் இழுக்க, பிறகு தூஷணம் ரெண்டு பாஷையிலையும் வரும், அதுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. கடைசியிலை சாக்குக்கு அரைக் கிலோ கழிப்பினம். தேத்தண்ணிக் காசு அவன்தான் குடுப்பான். போன வருசம் சம்மாட்டியின்ரை மகளின்ரை கலியாணத்துக்குப் பெண்சாதி பிள்ளையளோடை வந்து பந்தியிலை முதல் வரிசையிலை இருந்து மூண்டு தரம் பாயாசம் வாங்கினான். இதுக்கு எந்த அமைச்சு காசு ஒதுக்கினது?

நான் சேவையே வேண்டாம் எண்டு சொல்லேல்லை, வடிவாக் கேள். வெள்ளம் வந்தா மண்மூட்டை அடுக்கப் போ. மட்டக்களப்புப் பெடியன் வந்து எங்கடை கடலேரிக் கரையிலை கண்டல் நடட்டும், நீ போய் அவன்ரை குளக்கட்டைத் திருத்து. வேலை எண்டு ஒண்டு நடுவிலை இருந்தாக் கதை தானா வரும். வேலையில்லாமல் நிக்க வைச்சு ஒற்றுமையாகு எண்டு கத்தினா வியர்வைதான் வரும்.

கட்டாயம் எண்ட சொல்லிலை அவ்வளவு ஆசை எண்டா, ஏற்கெனவே ஒரு கட்டாயம் கிடக்கு மோனை. தமிழும் அரசகரும மொழி எண்டு 1987இலை யாப்பிலை எழுதினவை. 2007இலை ஒரு சுற்றுநிருபம் வந்தது. அந்த வருசம் ஆடி முதலாம் தேதிக்குப் பிறகு அரச உத்தியோகத்திலை சேருற ஆக்கள் ஐஞ்சு வருசத்துக்குள்ளை மற்ற மொழியிலையும் சித்தியடையோணும். சிங்களவர் தமிழ், தமிழர் சிங்களம். எவ்வளவு நல்ல கட்டாயம்! காம்பு தேவையில்லை, சப்பாத்து தேவையில்லை, ஒரு கொப்பியும் பென்சிலும் காணும். அந்த ஐஞ்சு வருசம் எத்தினை தரம் வந்து போட்டுது. இப்பவும் கொழும்பிலை ஒரு கந்தோருக்குத் தமிழிலை கடிதம் போட்டா மறுமொழி எந்தப் பாஷையிலை வருது எண்டு கொப்பரைக் கேள். அவர் அதை வாசிப்பிக்க ஆளைத் தேடி ரவுணுக்குப் போய் வந்த கதையையும் சொல்லுவார்.

நீயும் யோக்கியமோ? சிங்களம் படி எண்டா "எனக்கெதுக்கு, நான் ஐஈஎல்ரிஎஸ் எடுக்கப்போறன்" எண்டுறாய். மாத்தறையிலை இருக்கிற பெடியனும் இப்ப அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான். ரெண்டு பேரும் ஸ்காபரோவிலை ஒரு கோப்பிக் கடையிலை சந்திச்சு, இங்கிலீசிலை கதைச்சு, "நாங்கள் எல்லாம் சிறிலங்கன்ஸ்" எண்டு தோளிலை கை போடுவியள். உதுக்கு விசாச் செலவு எவ்வளவு எண்டு பாத்தியே?

சரி, சட்டம் வந்து உனக்குக் கடிதமும் வந்தாப் போ. ஒளியாதை, ஒளிச்ச சனத்தை நான் கண்டிருக்கிறன். பனங்கட்டி கொஞ்சம் கட்டித் தாறன், பக்கத்துக் கட்டில்காரனுக்கும் குடு. முதல் நாள் பரேட்டிலை சார்ஜன்ட் வந்து நிண்டவுடனை மரியாதையா, சிங்களத்திலை கேள்: "ஐயா, இண்டைக்குக் கட்டளையைத் தமிழிலை சொல்லுவியளோ?" ஏன் சிங்களத்திலை எண்டு முழிக்காதை, நீ கேக்கிறது அவருக்கு விளங்க வேணுமே. தமிழ் தெரியாது எண்டு அவர் சொன்னாக் கோவிக்காதை. எந்த வருசம் சேவைக்கு வந்தனியள், ஐஞ்சு வருசம் முடிஞ்சுதோ எண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லு.